ரோஸ்மில்க் நிறம்

காலையில் பானெட்டைத் திறந்தால்
கீழ்க்கோட்டுக்கும் கீழே ஒரு விரற்கடை.
நேற்று நிரப்பியது.
முந்தாநாளும் நிரப்பியது.
பல் துலக்குவது போல ஆகிவிட்டது
அரை பாட்டில் கூலன்ட் ஊற்றுவது.

கொளத்தூர் குடியிருப்பில்
மேல்வீட்டு ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து
வண்டிக்கடியில் விரித்தேன்.
ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு சொட்டு போதும்,
அதற்கு நேர்மேலே டார்ச் அடித்துவிடலாம்.
விடிந்ததும் மண்டியிட்டுப் பார்த்தேன்:
பல்லி எச்சம், வேப்பங்கொட்டை ஒன்று.
இனிக்குமாம் அது, நாய் நக்கினால் செத்துவிடுமாம்.
விழாத சொட்டுக்காக
நான்கு நாள் தெருநாயை விரட்டிக்கொண்டிருந்தேன்.

பாடி மேம்பாலத்தில் முள் ஏறியது.
முன்னால் ஒரு தண்ணீர் லாரி
வழியெல்லாம் சிந்திக்கொண்டே போனது
எந்தக் கூச்சமும் இல்லாமல்.

முதல் மெக்கானிக்
எஞ்சினைத் தொடவேயில்லை.
"ஹெட் கேஸ்கெட் மேடம். இறக்கித்தான் பாக்கணும்.
இருபத்திரண்டாயிரம் எடுத்து வைங்க."
ஆயில் மூடியைத் திருகி
உள்விளிம்பை விரலால் வழித்தேன்.
தண்ணீர் கலந்திருந்தால் டீ போல வெளுத்திருக்கும்.
கறுப்பு. அப்பழுக்கில்லாத கறுப்பு.
விரலை அவருக்கும் காட்டிவிட்டுக் கிளம்பினேன்.

புதுப்பேட்டையில் ஹயாத் பாஷா
ரேடியேட்டர் வாயில் பம்பை மாட்டிக்
காற்று அடித்தார்.
பதினைந்து பவுண்டு.
பிறகு இருவரும் பேசாமல் நின்றோம்,
ஜுரம் பார்ப்பவர்கள் போல.
ஹோஸ் ஒவ்வொன்றையும் தடவினார்.
குச்சியில் கட்டிய கண்ணாடியை விட்டு
வாட்டர் பம்பின் அடித்துளையைப் பார்த்தார்.
வெறும் தூசி.
முள் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது.
பதினாலு.
பதிமூணேகால்.
"போகுது. ஆனா வெளிய போகல" என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"இடது பக்கம் யாரு உக்காருவாங்க?"

ஜெசிந்தா.
அம்பத்தூர் எஸ்டேட் வரை தினமும் என்னோடு வருபவள்,
ஒன்றாம் தேதி பெட்ரோலுக்குப் பங்கு தருபவள்.
மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்,
கால் வைக்கும் இடம் ஈரமாக இருக்கிறதென்று.
ஏசி தண்ணி, என்றேன்.
வெல்லப்பாகு வாசம் வருதே.
டாஷ்போர்டு செண்ட், என்றேன்.
முன்கண்ணாடியில் பிசுபிசுவென்று ஏதோ படியுது.
உங்க கைக்குட்டைதான் அழுக்கு, என்றேன்.
அதன்பின் அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு செய்தித்தாளை மடித்துக் கீழே போட்டு
செருப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

ஹயாத் பாஷா மிதியடியைத் தூக்கினார்.
அடியில் இருந்த கம்பளத்தை அழுத்தினார்.
விரலிடுக்கில் பொங்கியது
ரோஸ்மில்க்.

"ஹீட்டர், மேடம்."
ஹீட்டரா?
"எத்தினி வருஷ வண்டி?"
பதினொன்று.
"ஒருநாளாவது போட்டிருக்கீங்களா?"
மே மாதம், புதுப்பேட்டை, பகல் இரண்டு மணி.
நாங்கள் இருவரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டோம்.
"நீங்க போடலன்னாலும்
சுடுதண்ணி தினம் அதுக்குள்ள போயி வரும்.
சும்மாதான் இருந்துச்சுன்னு சொல்ல முடியாது."

புதுசு போட டாஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும்.
அவர் கழற்றவில்லை.
உள்ளே போகும் ஹோஸையும் வெளியே வரும் ஹோஸையும்
முகத்துக்கு முகம் சேர்த்து
இரண்டு கிளாம்ப் முடுக்கினார்.
எழுநூறு ரூபாய்.
அது அங்கேயே கிடக்கட்டும், என்றார்.

திங்கள்கிழமை புது மிதியடி.
இந்த மாசம் பெட்ரோல் காசு வேண்டாம், என்றேன்.
மன்னிப்பை அப்படித்தான் கேட்க வந்தது.
ஜெசிந்தா காசை வழக்கம்போல
கியர் பக்கத்துக் குழியில் வைத்தாள்.
செய்தித்தாளையும் விரித்தாள்.

மார்கழியில் ஒருநாள், ஆறரை ஷிஃப்ட்.
ரெட்டேரிமேல் பனி.
மூக்குவரை துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு
அவள் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினாள்.
உள்ளங்கையைக் காட்டிக் காத்திருந்தாள்.
"சூடே வரலையே?"

அது வந்து, என்று ஆரம்பித்தேன்.

"ஏசி தண்ணியா?" என்றாள்.