இரண்டாவது துளை

பங்கு பிரித்தது பிரிக்ஃபீல்ட்ஸ் கடைமாடியில்,
வெள்ளிக்கிழமை, மழைக்குக் கொஞ்சம் முன்னால்.
சுழல் நாற்காலி அவளுக்கு. ஏர்கான் ரிமோட் எனக்கு.
ஏர்கான் கட்டட முதலாளிக்கு.
மலாய்த் தொடர்களுக்கு அடியில் தமிழ் ஓட்டி
ஒன்பது வருஷம் நடத்திய கம்பெனி
கடைசியில் ஒரு கணினியில் வந்து நின்றது.
பெட்டியும் போர்டும் டிஸ்க்கும் எனக்கு.
கிராஃபிக்ஸ் கார்டு தவமலருக்கு.
நாலு ரேம் பட்டையில் மூன்று தவமலருக்கு.
ஏன் மூன்று என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ரசீது காட்டியிருப்பாள்.

செந்தூல் வரைக்கும் கிராப் காரில்
பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டுவிட்டேன்.
"மைக்ரோவேவா, கக்?" என்றார் ஓட்டுநர்.
ஆமாம் என்றேன். விளக்க யாருக்குத் தெம்பு.

பத்தேகால். பட்டனை அமுக்கினேன்.
காற்றாடிகள் சுற்றின.
சுற்றிக்கொண்டே இருந்தன.
போர்டின் ஓரத்தில் மிளகாய் விதை அளவில்
ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து, அணைந்து, எரிந்தது.
திரையில் என் முகம் மட்டும்.

கார்டு இருந்த இடம் பல் பிடுங்கிய ஈறு மாதிரி.
திரைக் கம்பியை போர்டின் சொந்த வாய்க்கு மாற்றினேன். இருட்டு.
பவர் கம்பிகளைப் பிடுங்கி
கட்டைவிரல் சிவக்கச் சொருகினேன். இருட்டு.
டிஸ்க்கைக் கழற்றி வைத்தேன்.
மகனின் பென்சில் பெட்டியிலிருந்து அழிப்பான் எடுத்து
பட்டையின் தங்க ஓரத்தைத் தேய்த்தேன்;
ஏன் கறுப்பாச்சு என்று நாளைக்குக் கேட்பான் பயல்.
நாணயம் போலிருந்த பேட்டரியை நகத்தால் நெம்பி
இருநூறு வரை எண்ண ஆரம்பித்தேன்.
நூற்று நாற்பதில், கீழே மாமாக் கடைத் திரையில்
யாரோ கோல் போட்டார்கள். ஃப்ளாட்டே கத்தியது.
மறுபடி ஒன்றிலிருந்து.

நள்ளிரவில் லோ யாட் சியோங்குக்குத் தகவல் போட்டேன்.
கொட்டாவியோடு குரல் வந்தது:
"என்ன மாத்தினே, அதைச் சொல்லு முதல்ல.
ஓடிக்கிட்டிருந்தது சும்மா நிக்காது லா."

என்ன மாற்றினேன்.
கார்டு எடுத்தேன். மூன்று பட்டை எடுத்தேன்.
எடுத்தது நான் இல்லை;
ஆனாலும் அப்படித்தான் தட்டி அனுப்பினேன்.
மிச்சமிருந்த ஒன்றை
முதல் துளையில் வைத்தேன்,
ஒரே ஆள்தானே, முன்னால் உட்காரட்டும் என்று.

கையேடு போனில் கிடைத்தது. பத்தொன்பதாம் பக்கம்,
சாம்பல் கட்டத்துக்குள், எறும்பு எழுத்தில்:
ஒரே பட்டை என்றால்
பிராசசரிலிருந்து இரண்டாவது துளையில் பொருத்தவும்.
முதலாவது, துணைக்கு மற்றவை வந்த பிறகே.

மாற்றிச் செருகினேன். டக். மறுபக்கமும் டக்.
மஞ்சள் விளக்கு ஒருதரம் யோசித்தது.
ஒரு பீப்.
அவ்வளவுதான், வேறு ஆர்ப்பாட்டம் இல்லை.
வெள்ளை எழுத்தில் நினைவகம்: எட்டு.
முப்பத்திரண்டு இருந்த வீடு.
தேதி: 2015 ஜனவரி ஒன்று.
அந்தத் தேதியில் எனக்குத் தவமலரைத் தெரியாது.
சரியான தேதியை எழுதி, சேமித்து,
டிஸ்க்கைத் திரும்ப மாட்டினேன்.

திங்கள் காலை நாற்பத்தோராம் பாகம் கொடுக்க வேண்டும்.
கோப்பு திறக்க நாலு நிமிஷம்;
முன்பெல்லாம் ஒரு மடக்கு கோப்பிக்குள் திறந்துவிடும்.
ஆஸ்பத்திரிக் காட்சியில் நான் எழுதிய வசனத்துக்குப் பக்கத்தில்
அவளுடைய சிவப்புக் குறிப்பு இன்னும் இருந்தது:
"ரொம்ப நீளம். வாசிக்கிறதுக்குள்ள நோயாளி போய்ச் சேர்ந்திடுவான்."

உதட்டை அசைத்து, வினாடி பார்த்து,
இரண்டு தரம் வாசித்தேன்.
நீளம்தான்.