தண்ணீர் திறக்கிறவன்

சேரம்பாடிக்கு மேலே, எங்கள் டிவிஷனில்
மேல் லயத்துக்கு ஆறு மணிக்கு,
கீழ் லயத்துக்கு ஏழு மணிக்கு.
இருபத்திரண்டு வருஷமாக இதுதான் என் வேலை:
ஒரு ஸ்பானர், இரண்டு வால்வு,
அட்டை ஏறாமலிருக்கக் காலில் புகையிலைத் தண்ணீர்.

சண்டை எப்போது ஆரம்பித்தது என்று
ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து கேட்டார்.
திருவிழாவில் என்றார்கள் மேல் லயத்தார்,
மாரியம்மன் தேரைக் கீழே மறித்தார்களே, அன்று.
எடை மேடையில் என்றார்கள் கீழ் லயத்தார்,
ஈரக் கொழுந்து என்று மூட்டைக்கு மூன்று கிலோ
எங்களுக்கு மட்டும் கழித்தார்களே, அன்று.
இரண்டையும் எழுதிக்கொண்டார்.
என்னைக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
சொல்லாமலும் இருந்திருப்பேன்.
போன மாசியில், டேங்க் பாதிக்குக் கீழே போனபோது,
கீழ் வால்வைப் பத்து நிமிடம் முன்னாலேயே மூடினேன்.
பெரிய காரணம் ஒன்றுமில்லை. முழங்கால் வலி.
ஓடைப் பக்கம் யானை நிற்கிறது என்றார்கள்.

அங்கே அருளாயியின் குடத்தில் முக்கால்தான் நின்றது.
முதல் நாள் அவள் சொன்னது: "முக்கால் குடம்."
மூன்றாம் நாள் சொன்னது:
"அவங்களுக்கு மட்டும் நிரம்புது."
அதுவரை எங்கள் பேச்சில் 'அவங்க' என்றால்
மேனேஜர் பங்களாவில் இருப்பவர்கள்.

அப்புறம் எல்லாம் தானாக நடந்தது
என்று சொல்லத்தான் ஆசை.
யோகராசு கீழ் லயத்துக்குத் தனி ரேஷன் கடை கேட்டான்.
கிடைத்தது. தனிச் சுடுகாடு கேட்டான்.
அப்புறம் மனு:
எங்கள் நாற்பத்தெட்டு வீட்டையும்
பக்கத்து வார்டோடு சேர்த்துவிடுங்கள்,
இவர்களோடு இனி முடியாது.
கையெழுத்துக்கு வந்தபோது முழுசாக வாசித்தேன்.
ஒரு பொய் இல்லை அதில்.
அதுதான் வயிற்றைக் கலக்கியது.

மேலே கொதித்தார்கள்.
கீழ் லயத்துச் சனியன் தொலைந்தால் போதும் என்றிருந்தவர்களே
பிரிந்து போக விடமாட்டோம் என்று கம்பெடுத்தார்கள்.
வேண்டாம் என்பதும்
போகாதே என்று அடிப்பதும்
எப்படி ஒரே வாயில் வருகிறது?

இரண்டு பக்கமும் சிலோன்காரர்கள்தான்.
இரண்டு பக்கத்துத் தகரப் பெட்டியிலும்
அதே மண்டபம் முகாம் முத்திரை.
ராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கியபோது எனக்குப் பதினொன்று.
அதற்கு முந்தின ஆவணியில், மாத்தளைத் தோட்டத்தில்,
ஒரு பையன் கொப்பியோடு வந்தான்.
எங்கள் வாசலில் குந்தித் தேத்தண்ணி குடித்தான்.
எந்தக் காம்பராவில் யார் யார் என்று கேட்டு எழுதினான்.
அப்பா ஒவ்வொரு பேராக,
எழுத்துக்கூட்டி, பொறுமையாகச் சொன்னார்.
ஏதோ சர்க்கார் கணக்கு என்று நினைத்தார்.
தீ ராத்திரிதான் வந்தது.

நேற்றுச் சாயங்காலம் பம்ப் ரூம் வாசலில்
யோகராசுவின் மச்சான் மகன் நிமலன் நின்றான்,
கையில் கொப்பி.
நல்ல பையன். போன வருஷம் என் மோட்டாரைக்
காசு வாங்காமல் பிரித்து மாட்டிக் கொடுத்தவன்.
"மாமா, உங்களை எந்தப் பக்கம் எழுத?"

பம்ப் ரூம் இரண்டு லயத்துக்கும் நடுவில் இருக்கிறது.
அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.
நான் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

இன்று ஆறு மணிக்கு
இரண்டு வால்வையும் சேர்த்துத் திறந்தேன்.
சுண்டுவிரல் மொத்தத்தில் தண்ணீர், இரண்டு பக்கமும்.
கால் குடம் நிரம்ப அரை மணி.
ஏழு அடிப்பதற்குள் இரண்டு லயமும் வெளியே வந்து
என் பிறப்பை, என் முழங்காலை, என் ஸ்பானரைத் திட்டின,
ஒரே நேரத்தில்,
ஏறக்குறைய ஒரே வார்த்தைகளில்.
டேங்க் பாறைமேல் உட்கார்ந்து கேட்டேன்.
மாசிக்கு அப்புறம் இப்படி ஒரு சத்தம் இங்கே எழவில்லை.

நாளைக்கும் இப்படித் திறக்க முடியுமா, தெரியாது.
ஊற்றும் வற்றுகிறது.
என் பேருக்கு எதிரே அந்தப் பையன்
ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுப் போனான்.
பென்சிலா, பேனாவா,
பார்க்காமல் விட்டுவிட்டேன்.