மாம்பால்

"ராத்திரி பதினொன்னுலேர்ந்து ரெண்டு வரைக்கும்
கெம்பா எங்கே இருந்தா?"
"என் பக்கத்துல சார். தோல் சீவிட்டிருந்தோம்."
ஏழாவது தடவை கேட்கிறார்.
ஏழாவது தடவை சொல்கிறேன்.

காவேரிப்பட்டணம் ஸ்டேஷனில் மின்விசிறி
எழுதுகிற ஏட்டுக்கு மட்டும் சுழல்கிறது.
போன மாசியில் கெம்பா கொண்டுவந்த மனுவை
நாலாய் மடித்து அவள் கையிலேயே திணித்து
"அனுசரிச்சுப் போம்மா" என்றவர் இவர்தான்.
இன்று ஒரு சொல் விடாமல் எழுதுகிறார்.

மேஜைமேல் பாலித்தீன் பையில் மாதேஷின் ஒற்றைச் செருப்பு.
அணையின் இடது கால்வாய் மதகில் சிக்கியதாம்.
"அடையாளம் தெரியுதா?"
அதன் அடிவரிகளை
கெம்பாவின் முதுகில் எண்ணெய் தடவும்போதெல்லாம்
விரலால் படித்திருக்கிறேன்.
"தெரியாது சார்."

இன்ஸ்பெக்டர் டீயை ஊதுகிறார்.
"ஃபேக்டரில விரல் வைக்கிற மெஷின் இருக்குல்ல?"
"சீசன்ல அது எங்களை எடுக்காது சார்.
கூழ்ல ஊறி ரேகை அழிஞ்சிடும்.
நோட்டுல கையெழுத்துதான்."
நோட்டில் எல்லோரும் இருக்கிறோம்.

"கையில என்ன காயம்?"
"மாம்பால் சார். காம்பு கிள்ளும்போது தெறிக்கும்.
பட்ட இடம் வெந்துடும்."

இந்த வாக்கியம் என்னுடையதில்லை.
கல்யாணமாகி வந்த வருஷம்
கன்னத்தில் கருத்த தழும்போடு
கெம்பா சூப்பர்வைசரிடம் சொன்னது.
பிறகு நர்சிடம்.
பிறகு பர்கூரிலிருந்து பார்க்கவந்த அம்மாவிடம்.
மரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லாத ஐப்பசியிலும்
மாம்பால் என்றே சொன்னாள்.
"ஐப்பசியில ஏதுடி பால்?"
நான் ஒருத்திதான் கேட்டேன்.
கழிவுத்தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய்
ஜாக்கெட் ஊக்கை அவிழ்த்துக் காட்டினாள்.
அன்றிலிருந்து ஒரே டப்பாவில் சாப்பிடுகிறோம்.

சுவருக்கு அந்தப்பக்கம் அவள் குரல் கேட்கிறது.
பெண் போலீஸ் என்ன கேட்டாரோ.
"முனிலட்சுமி பக்கத்துலதான் மேடம்."
நடுங்கவில்லை அந்தக் குரல்.
ஏழு வருஷம் பழகிய பொய்க்கு
நடுக்கம் எங்கிருந்து வரும்?

இன்ஸ்பெக்டர் எட்டாவது தடவை ஆரம்பிக்கிறார்.
கேள்வியில் எல்லாம் சரி, பெயரைத் தவிர.
அன்று ராத்திரி முழுக்க
கெம்பா லைனைவிட்டு அசையவில்லை.
பக்கத்து இடம்தான் காலி.

ரெண்டே காலுக்கு நனைந்த பாவாடையோடு
பின்கேட் வழியாக வந்து உட்கார்ந்தேன்.
என் பங்குக் கூடையையும்
சீவி முடித்து வைத்திருந்தாள்.
எங்கே போனாய் என்று கேட்கவில்லை.
ரத்தம் கசிந்த என் மணிக்கட்டைப் பார்த்தாள்,
வெகுநேரம்.

"மாம்பாலா?" என்றாள்.