உப்பு நிற்காத உடம்பு

கொல்சானியில் யார் உப்பு தின்றாலும்
ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.
பொலிவியாவின் இந்த மூலையில் ஊரே உப்பு.
சுவர் உப்பு, பேருந்துக்குக் காத்திருக்கும் பெஞ்சு உப்பு,
காயப்போட்ட லாமா இறைச்சியின் மேல் உறைபனிபோல் உப்பு.
அதனால் நான்
குவியலிலிருந்து ஒரு கட்டி எடுத்து
வாயில் அடக்கிக்கொண்டபோது
பாசிலியா சிரித்தாள், அவ்வளவுதான்.
"கோக்கா இலை தீர்ந்துபோச்சா?"

என் வேலை பை ஒட்டுவது.
அரைத்த உப்பில் அயோடின் தெளித்துத் தருவார்கள்.
நான் அளந்து போட்டு, வாயை மடித்து,
எரிவாயுச் சுடரில் ஓர் இழுப்பு.
எங்கோ ஒரு கழுத்தில் தைராய்டு
இதற்காகக் காத்திருக்கிறது,
கிடைக்காவிட்டால் வீங்கும் என்று
சுவரொட்டியில் படம் போட்டிருந்தது.
ஊர்பேர் தெரியாத கழுத்துகளுக்கெல்லாம்
நான் படியளந்துகொண்டிருந்தேன்.

நான் கறுத்தேன்.
உப்பளத்து வெயில் மேலிருந்தும் சுடும், கீழிருந்தும் சுடும்;
தாடைக்கு அடியிலும் கறுக்கும்.
ஆனால் வெயிலுக்கு
உள்ளங்கை ரேகைக்குள் என்ன வேலை?
ஈறில் என்ன வேலை?
டெமெட்ரியோ ஒருமுறை கேட்டான்.
வாயை மூடிக்கொண்டேன்.

எழுந்து நின்றால் தலை சுற்றியது.
உயரம் என்றார்கள்,
இங்கேயே பிறந்தவளிடம்.

ஆகஸ்டில் ஒரு சாதாரணச் சளிக்காய்ச்சல்.
பாசிலியாவுக்கும் வந்தது, போனது.
நான் தரையில் விழுந்தேன்,
கையில் ஒட்டாத பை.

பொட்டோசியில் டாக்டர் நின்ஃபா அரன்சிபியா
என் உதட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"உப்பு தின்கிறாயா?"
"நான் கொல்சானிக்காரி."
அவள் சிரிக்கவில்லை.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினாள்:
இரண்டு சிறுநீரகம்,
தலைக்கு ஒன்றாய்ச் சரிந்த தொப்பி.
எப்போதோ வந்துபோன காசநோய்
இரண்டு தொப்பியையும் சுண்ணாம்பாக்கியிருந்தது.
அங்கே ஊறும் ஒன்றின் பெயர் அல்டோஸ்டிரோன்.
இரத்தத்தில் உப்பைப் பிடித்து வைப்பது அதன் வேலை.
எனக்குப் புரிந்துவிட்டது.
உள்ளே பை ஒட்டுகிறவள் அவள்.
அவள் வேலைக்கு வரவில்லை;
நான் மேலே போடப் போட
கீழே வழிந்துகொண்டிருந்தது.

இன்னொருத்தி கார்டிசால்.
விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறவள்,
காய்ச்சல் வந்தால் ஓடிவந்து
முட்டுக்கொடுப்பவள்.
அவளும் இல்லை.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி.
அது இந்த வீட்டுக் கதவைத் தட்டியதாம்.
பதில் இல்லை.
இன்னும் பலமாகத் தட்டியதாம், இரவும் பகலும்.
அந்தக் கூச்சல்தான்
என் தோலில் கறுப்பாகப் படிந்தது.
எனக்கோ ஒரு சத்தமும் கேட்கவில்லை.

இப்போது காலை ஆறுக்கு ஒன்றரை மாத்திரை,
மதியம் அரை.
உப்பை நிறுத்திவைக்க இன்னொன்று, மிகச் சிறியது.
மூன்றாவது வாரம் பாசிலியா கட்டியை நீட்டினாள்.
வாயில் போட்டேன்.
தூ. கரித்தது.

காய்ச்சலுக்கு இரட்டிப்பு,
வாந்தி நிற்காவிட்டால் ஊசி என்று
அட்டையில் எழுதித் தந்திருக்கிறாள்.
பயத்துக்கு எவ்வளவு என்று எழுதவில்லை.

பிப்ரவரியில் உப்பளம் முழுக்க ஒரு சாண் தண்ணீர்.
டெமெட்ரியோவின் லாரி திரும்பவில்லை.
பெண்கள் ஊர் எல்லையில் நின்றோம்.
மேலே நட்சத்திரம், கீழே அதே நட்சத்திரம்,
இடையில் எங்கும் விளக்கு இல்லை.
அவர்களுக்கெல்லாம்
கேட்காமலே ஊறியிருக்கும்,
நெஞ்சு அடித்துக்கொள்ள, கால் நிற்க,
தேவையான அளவு.

நான் இருட்டில்
சட்டைப்பையைத் துழாவினேன்.
அரையா, ஒன்றா?
பல்லால் கடித்து உடைத்தேன்.
கசப்பு.

விடிந்தபின் அவன் வந்தான்,
முழங்கால்வரை வெள்ளையாய்.
அச்சு முறிந்ததாம்.
"எனக்கு ஒன்றும் ஆகலையே,
மாத்திரையை வீணாக்கிட்டியே" என்றான்.
நான் மீதி அரையைக்
காகிதத்தில் மடித்து வைத்தேன்.