பை வார்

இடது தோளில் ஏறி
வலது இடுப்பில் இறங்கும்
தோல்பையின் வார்
நெஞ்சில் எந்த இடத்தைக் கடக்கிறதென்று
பதினோரு வருஷமாய் எனக்குத் தெரியாது.
இந்த மாசியில் தெரிந்தது.

காம்புக்கு அடியில் ஒரு புளியங்கொட்டை.
தொட்டால் நகரும்.
தொடாவிட்டாலும் நோகும்.

அறுபதடிப் பாலம் தாண்டி வண்டி சாயும்போது
நிற்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் வருவார்கள்.
யாருடைய முழங்கை என்று பார்க்கவில்லை.
"ரெண்டு ஒண்டிக்கடை" என்று
நூறு ரூபாயை நீட்டிக்கொண்டிருந்தார் ஒருவர்.
மெஷினில் பட்டனை அழுத்த மறந்து
கம்பியைப் பிடித்து நின்றேன்.
அல்போன்ஸ் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார்.
"என்னப்பா, வாயுப் பிடிப்பா?"
ஆமாம் என்றேன்.
வாயு என்றுவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

அஸ்தம்பட்டி டாக்டர்
சட்டையைத் தூக்கச் சொன்னார்.
நாற்காலியை விட்டு எழவில்லை.
"கொழுப்புதான். நல்லா நடங்க.
ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு நோவா?"
ஊசி மேசையருகே நின்ற பெண்
வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டாள்.
நானும் சேர்ந்து சிரித்தேன்.
கொட்டையை விட அதுதான் வலிக்கிறது.

நடப்பதா?
மலைக்கு ஒரு நாளைக்கு ஆறு நடை.
ஒவ்வொரு நடையிலும்
முன்படிக்கும் பின்படிக்கும் நடுவே
நான் நடக்காத நடையா?

வலப்பக்கமே படுக்கிறேன் என்பதை
சாரதாமணி எத்தனை நாள் கவனித்தாளோ,
ஒரு ராத்திரி விளக்கைப் போட்டாள்.
விரலின் நுனியால் மட்டும் தொட்டுப் பார்த்தாள்.
"பால் கட்டிக்கிட்டப்ப
எனக்கு இப்படித்தான் இருந்துச்சு."
சிரிக்காமல் சொன்னாள்.
என் வலிக்கு உலகத்தில் ஒரு சொந்தம் கிடைத்தது.

"ஒரு குக்கர் வாங்க மூணு கடை ஏறி இறங்குனீங்க.
உடம்புக்கு மட்டும் ஒரே கடையா?"

ஐந்து ரோட்டில், பேக்கரிக்கு மேல் மாடி.
சர்க்கரை, தைராய்டு, ஹார்மோன் என்று
போர்டில் மூன்றே சொல்.
டோக்கன் எழுதியவர்
சாரதாமணியைப் பார்த்து "பேரு?" என்றார்.
"மாதேஸ்வரன்" என்றேன் நான்.

டாக்டர் ஷம்ஷாத் கை கழுவினார்.
ஏசி குளிரில் ஜில்லென்றிருந்த உள்ளங்கைகளை
ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான்
பக்கத்தில் வந்தார்.
சொல்லி முடிக்கும் வரை பேனாவைத் தொடவில்லை.
இரண்டு பக்கமும் பார்த்தார்,
அக்குள் பார்த்தார், ஸ்கேல் வைத்து அளந்தார்.
தலைவலி உண்டா, கண் மங்குதா?
"கீழேயும் பார்க்கணும்.
உங்க வீட்டுக்காரங்க இருக்கட்டுமா,
வெளியே நிக்கட்டுமா?"
என்னைக் கேட்டார்.
என் உடம்பைப் பற்றி என்னையே.

"என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"
ஒன்றுமில்லை.
"ஒன்னுமேவா?"
சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.
பிறகு பையைத் திறந்தேன்.
ஐந்து ரூபாய்க் காசுகளுக்கும்
யாரும் வாங்காத ஒரு கிழிந்த நோட்டுக்கும் அடியில்
பாதி காலியான அட்டை.

முடி வளர.
போன கோடை விழாவில் ஒரு காலேஜ் பையன்
"தாத்தா, ஒரு அடிவாரம்" என்றான்.
எனக்கு முப்பத்தெட்டு.
மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்கவில்லை.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார்.
"இதனாலயும் வரலாம். வேற காரணமும் இருக்கலாம்.
நிறுத்துங்க. ரத்தம் கொடுத்துட்டுப் போங்க.
இதுக்குப் பேர் இருக்குங்க, கொழுப்பு இல்ல."
கைனகோமாஸ்டியா.
எங்கள் வண்டியின் போர்டில் அடங்காது.
ஆனாலும் பெயருள்ள ஊருக்குத்தானே
டிக்கெட் கிழிக்க முடியும்.

மாடிப்படியில் பாதி வரை
சாரதாமணி பேசவில்லை.
அப்புறம் என் முன்வழுக்கையைப் பார்த்து
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள்,
நானும் சிரித்தேன்,
நெஞ்சு நொந்தது, நிறுத்த முடியவில்லை.

ரிப்போர்ட் வியாழக்கிழமை வரும்.
அதுவரைக்கும் பை வலது தோளில்.
சில்லறைக்குக் கை
பழக்கத்தில் அந்தப் பக்கமே போய்
வெறும் சட்டையைத் துழாவுகிறது.
எட்டாவது வளைவில் ஒரு கிழவர்
பாக்கிக்காகக் காத்து நிற்கிறார்.

கண்ணாடியில் அல்போன்ஸ் அண்ணன்.
"என்னப்பா, இன்னும் வாயுவா?"

"வாயு இல்லண்ணே" என்றேன்.
அதற்குள் கொண்டை ஊசி.
அவர் திருப்பி முடிக்கட்டும்,
சொல்கிறேன்.