நான்காம் சுற்று

இந்தத் தீவில் நானூறு கிலோமீட்டர் கிடையாது.
ஆகவே மடித்திருக்கிறார்கள்,
பெரிய ஜமுக்காளத்தைச் சின்ன அலமாரிக்குள்
திணிப்பதுபோல், நான்காக.
சாங்கியில் கிளம்பி
துவாஸ் தொட்டு
லிம் சூ காங்கில் கொஞ்சம் இருட்டைக் காட்டி
மண்டாய் வழியே மீண்டும் சாங்கி.
ஒவ்வொரு முறையும் கியோக் ஹோங்
அட்டையில் முத்திரை குத்துகிறார்.
அதே வாழைப்பழத் தட்டு.

முதல் சுற்றில் ஐம்பத்தேழு பேர்.
இரண்டாவதில் ஹைருல்
காத்திப் எம்ஆர்டி நிலையத்தைப் பார்த்தார்.
பார்த்ததுதான் தப்பு.
"வீட்டுக்கு ஆறே நிறுத்தம், காக்" என்றவர்
தலைக்கவசத்தைக் கழற்றும்போதே
சட்டைப்பையில் அட்டையைத் தேடினார்.
பாலைவனத்தில் ஓட்டுகிறவர்களுக்கு
விட்டுவிட வழியில்லை.
எங்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில்.

மூன்றாவதில் என் வீட்டையே கடந்தேன்.
பொங்கோல், பன்னிரண்டாம் மாடி,
சமையலறை விளக்கு எரிகிறது.
யாரும் அணைக்கவில்லை.
நான் இல்லாவிட்டால் யாரும் அணைப்பதில்லை.
இரண்டு கிலோமீட்டர் இதையே முணுமுணுத்தேன்.
அந்த இரண்டு கிலோமீட்டர்
முட்டி வலிக்கவில்லை.

இப்போது விடியற்காலை நாலரை.
லிம் சூ காங் சாலை.
அவசரத்துக்குப் போர்விமானம் இறங்கலாம் என்று
அளவெடுத்து இழுத்த நேர்கோடு;
விளக்குக் கம்பங்களைக்கூடக் கழற்றிவிடலாம்.
நான் மணிக்குப் பதினான்கு கிலோமீட்டர்
வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறேன்.
வேலிக்கு அப்பால் கல்லறைகள்.
இங்கே புதைந்தவர்களுக்கும் கெடு உண்டு,
பதினைந்து வருடம்; பிறகு எழுப்பிவிடுவார்கள்.
எனக்கு இருபத்து நான்கு மணி நேரம்.
பதினெட்டரை போய்விட்டது.

ஆட்டுப் பண்ணை வாசம் வந்தது.
அப்புறம் மூன்று நாய்கள்.
குரைத்திருந்தால் திட்டியிருப்பேன்.
பேசாமல் கூடவே ஓடின,
என் வேகத்தில், அவசரமே இல்லாமல்.
எனக்குப் பின்னால் இன்னும் ஒருவராவது
இருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.
எங்கோ ஒரு வாயில்விளக்கில்
அவை திரும்பிக்கொண்டன,
அவற்றின் எல்லை அவ்வளவுதான்.

அங்கேதான் பின்சக்கரம் பெருமூச்சு விட்டது.

கீரைப் பண்ணை. லாரியில்
காய்லான் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தவர்
கேட்காமலே கைப்பேசி விளக்கைப் பிடித்தார்.
மொயினுல். மார்புப் பையில்
ஊசிநூலால் தைத்த பெயர்.
என் விரல்கள் டியூபைப் பிடிக்கவில்லை;
பத்தொன்பது மணி நேரமாகப் பிடித்தது
பிடியை மட்டும்தானே.

"எங்கே போறீங்க?"
"சாங்கி."
"எங்கேருந்து?"
"சாங்கி."
யோசித்தார்.
"காசு எவ்ளோ தர்றாங்க?"
"நான்தான் கட்டினேன். எண்பது வெள்ளி."
அதற்குமேல் அவர் கேட்கவில்லை.
ஒரு கொசு விளக்கில் மோதி மோதிக் களைத்தது.
நான் காற்றடித்து நிமிர்ந்தபோது
பப்பாளி பழுத்ததா என்று பார்ப்பதுபோல்
கட்டைவிரலால் டயரை அழுத்தினார்.
"இன்னும்" என்றார்.
அடித்தேன்.
"இன்னும்."

காலை எட்டரை, சாங்கி.
கியோக் ஹோங் கடைசி முத்திரையைக் குத்திவிட்டு
வாழைப்பழத் தட்டை எடுத்து வைத்தார்.
"முடிஞ்சது, போய்த் தூங்கு."
என் மீட்டரில் 396.4.

எங்கோ ஒரு வளைவைக் குறுக்கே கடந்திருப்பேன்.
இல்லை, பாலத்தடியில் சிக்னல் போயிருக்கும்.
கணக்கில் அது குறையில்லை என்றார்,
சான்றிதழில் நானூறு என்றுதான் இருக்கும் என்றார்.

உணவங்காடியின் கார் நிறுத்துமிடத்தைச்
சுற்ற ஆரம்பித்தேன்.
நாசி லெமாக் வரிசையில் நின்றவர்கள்
முதலில் ஒதுங்கினார்கள்,
பிறகு எண்ணத் தொடங்கினார்கள்.
பதினோராவது தடவை
கோப்பிக்கடைக்காரர் கைதட்டினார்,
எதற்கென்று தெரியாமலே.

399.8-இல் மீட்டர் அணைந்துவிட்டது.
பேட்டரி.

மீதியை
உருட்டிக்கொண்டு நடந்தேன்,
பேருந்து நிலையம்வரை,
கொஞ்சம் கூடுதலாகவே.