வெள்ளைப் பல்சக்கரம்

பீடோரில் மழை பிடித்துக்கொண்டால்
செம்பனைக் காட்டில் பெரிய மண்வாரி படுத்துவிடும்.
அன்றைக்கெல்லாம் குணாளனுக்கு
சாப்பாட்டு மேசையில் சின்னது.

மைலோ டின்னில் முளைகள், அச்சுகள்,
மஞ்சள் கட்டைகள் ஆயிரத்துச் சொச்சம்.
மூன்று வாரமாய்த் தட்டோடு நான் தரையில்.

கை நீள்கிறது. வாளி மடங்குகிறது.
எலுமிச்சம்பழம் ஒன்றை வைத்தால் மட்டும்
டக், டக், டக்.
உள்ளே ஏதோ நழுவுகிறது.

ஏமாத்திட்டான் ஈப்போக் கடைக்காரன் என்று
இரண்டு முறை பிரித்தான், இரண்டு முறை பூட்டினான்.

மில்லில் ஸ்டோர் கணக்கு எழுதுகிறவள் நான்.
மூன்றாம் முறை சக்கரத்தை வாங்கிப் பார்த்தேன்:
வெள்ளை, இருபத்துநான்கு பல்,
நடுவில் தனியாகச் சுழலும் ஒரு வளையம்.
பாரம் மிஞ்சினால்
உடைவதற்குப் பதில் வழுக்கச் சொல்லியே
செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

"இது கெட்டுப் போகல," என்றேன்,
"ஒனக்குத்தான் இத வைக்க மறந்துட்டாங்க."

சிரிக்கவில்லை.
போன மாதம் மேனேஜர் முன்னால் வீசிய
சாவிக்கொத்து ஞாபகம் வந்திருக்கும்.
எலுமிச்சையை எடுத்துவிட்டு
கறிவேப்பிலை ஒரு கொத்தை வாளியில் வைத்தான்.

தூக்கியது.

மழை விடவில்லை.
மேசையின் மிச்சத்தில்
சோறு போட்டேன்.